துடைத்து வைத்த வண்டி

“அதத் தண்ணியில முக்கிறாதீகக்கா. மசி பரவிரும். மொதல்ல டீசல் தொட்டுத் தொடச்சிட்டு, அப்புறம் பாத்திரம் கழுவுற சோப்பப் போடணும்.”

ராஜபாண்டி சொன்னது நல்ல யோசனைதான். சொன்ன நேரம்தான் சரியில்லை. காம்பவுண்டே வாசலுக்கு வந்து நின்றுகொண்டிருந்தது. வீட்டுக்காரம்மா அனுசுயா தன் மகளின் சந்தன நிறச் சுடிதார் பேண்ட்டைக் கொடியிலிருந்து உருவி, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, அதன் இடது கால் ஓரத்தில் இழுத்துக்கொண்டு போன கறுப்புக் கோட்டுக்கு விளக்கம் கேட்டுக்கொண்டிருந்தாள். விளக்கம் சொல்ல வேண்டியவன் கறை எடுக்கக் கற்றுக்கொடுக்கிறான்.

“ஓ, எத்தன பொம்பளைங்க துணியில எடுத்துப் பழகுனீங்க தம்பி?” என்றாள் அனுசுயா.

“யக்கா, என்ன பேச்சுப் பேசுறீக. என் பேண்ட்டுல பட்டா நான்தான துவைக்கேன்.”

“உங்க பேண்ட்டுல படட்டும். என்ற பொண்ணு பேண்ட்டுல எதுக்குப் படோணும்?”

நடுவில் நின்ற ஜனனி, “துவைக்கறப்ப இது இல்லம்மா. நேத்துப் பொழுதோட நாந்தான காயப்போட்டேன், அப்பவும் இல்ல” என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிற பெண். உண்மையைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அதற்குப் பலம் கூடும் என்று எந்தப் பாடத்தில் படித்தாளோ.

அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிடுவார்கள் என்று தெரியும். முகம் கழுவி, வேறு சேலை மாற்றித்தான் உட்கார்ந்திருந்தேன்.

என் பெயர் ஜானகியம்மாள். கேட்டை ஒட்டிய முதல் வீடு என்னுடையது. வாடகை வீடுதான், ஆனால் யார் உள்ளே வருகிறார்கள், யார் வெளியே போகிறார்கள் என்பது என் ஜன்னலைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். முழங்கால் போகிற வரை பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். தைத்து வருகிற துணியை விளக்குக்குக் கீழே விரித்துப் போட்டு, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எது இருந்தாலும் அங்கே ஒரு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிட வேண்டும். அந்த வேலையில் எனக்குச் சமானமாக ஆள் இல்லை. கறையை மோந்து பார்த்தே எந்த மெஷினில் பட்டது என்று சொல்லிவிடுவேன்.

“ஜானகியக்கா, நீங்க செக்கிங்ல இருந்தவங்க. இது என்ன கறைன்னு பாத்துச் சொல்லிப்போடுங்க” என்றாள் அனுசுயா.

அவளுடைய ஒரு கையில் துணி, இன்னொரு கையில் போன். போனின் அந்தப் பக்கத்துக்கு யார் வருவார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவளுடைய தம்பி தரணீதரன் மங்கலத்தில் தறி போட்டிருக்கிறான். அக்கா மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதும் அவன் பொறுப்பு. முன்பு ஒரு வேன் டிரைவர் இதே கேட்டருகே நின்று அவர்கள் சொந்தத்தில் ஒரு பெண்ணுக்குப் போன் நம்பர் கொடுத்தான். அந்த டிரைவர் இன்றைக்கும் வாயின் ஒரு பக்கத்தால்தான் மென்று சாப்பிடுகிறான். ஆக, நான் “மெஷின் ஆயில்” என்று சொன்னால் போன் இடுப்புக்குப் போகும். “செயின் மசி” என்று சொன்னால் காதுக்குப் போகும். அவ்வளவுதான் விஷயம். ராஜபாண்டிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். டீசல், சோப்பு என்று பேசிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

கறையை விரலால் தேய்த்தேன். மோந்தேன். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டிப் பிரித்தேன். அவசரப்படவில்லை. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறபோது அவசரப்படுகிறவர்களைக் கண்டால் எனக்கு இளப்பம்.

“மெஷின் ஆயில்னா தண்ணியாட்ட இருக்கும். இது பிசுபிசுன்னு நூல் விடுதுங்க. செயின் மசிதான்” என்றேன். “இடது கால் ஓரத்துல மட்டும் இருக்குது பாருங்க. ஒருக்களிச்சு உக்காந்து போனாத்தான் இந்த எடத்துல படும்.”

காம்பவுண்டில் செயின் தெரிகிற வண்டி ஒன்றுதான். மற்றதெல்லாம் ஸ்கூட்டர். இன்னொரு குடித்தனக்காரன் கன்னையனிடம் ஒரு பழைய மொபெட் இருக்கிறது, அதன் செயின் எண்ணெயைக் கண்டு வருடமாகிறது, அது துருவைத்தான் உதிர்க்கும்.

“என் வண்டியில பொம்பள ஏறுனதே இல்லக்கா” என்றான் ராஜபாண்டி. “சாரி கார்டையே கழட்டிப் போட்டுட்டேன். நீங்கதான் பாத்திருக்கீகளே.”

“சாரி கார்டு இருந்திருந்தா துணி தப்பிச்சிருக்கும் தம்பி” என்றேன்.

யாரோ சிரித்தார்கள். போன் காதுக்குப் போனது.

இதில் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது செயின் மசிதான். இடது கால் ஓரத்தில்தான் இருந்தது. ஒருக்களித்து உட்கார்ந்தால் அங்கேதான் படும். கேட்டார்கள், சொன்னேன்.

ராஜபாண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாத்தூர்ப் பக்கத்துப் பையன். ஓவர்லாக் டெய்லர். கெட்ட பழக்கம் என்று எதுவும் கிடையாது, அதுவே ஒரு மாதிரி எரிச்சலாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வண்டிக்கு அவன் செய்கிற பணிவிடையைப் பார்க்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டு போடுவான். சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். வெட்டின தண்ணீர் பாட்டிலில் டீசலை ஊற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் செயினைக் கண்ணி கண்ணியாகத் தேய்ப்பான். சக்கரத்தைக் கையால் மெல்ல உருட்டுவான், மறுபடி தேய்ப்பான். ரிம்மில் தெறித்த மசியைக் கம்பெனியில் கழித்துப் போடுகிற பனியன் வேஸ்ட் துணியால் ஒற்றி எடுப்பான். கடைசியில் செயினுக்கென்று ஆன்லைனில் வரவழைத்த ஒரு ஸ்பிரே. ஊரில் பெற்ற தாய்க்குத் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டிருப்பானா தெரியாது, செயினுக்கு வாரம் தவறியதில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜனனி அவனிடம் வந்து, “அண்ணா, கேட்டுக் கீல் கத்துது, அதுக்கும் கொஞ்சம் அடிச்சுடறீங்களா” என்று கேட்டாள். அடித்துக் கொடுத்தான். அவள் கேட்டை ஆட்டிப் பார்த்துச் சிரித்தாள். நான் ஜன்னலில் இருந்தேன்.

மறுநாள் குழாயடியில் சொன்னேன். “கேட்டுக்கு எதுக்கு எண்ணெ போடறாங்கன்னு யோசிச்சீங்களா? சத்தமில்லாமத் தொறக்கறதுக்குத்தான்.”

நல்ல வாக்கியம். வேறு நாளாக இருந்தால் சாயங்காலத்துக்குள் நாலு தெரு தாண்டியிருக்கும். ஆனால் குடத்தோடு நின்ற கன்னையன், “அந்தப் புள்ள அவன அண்ணான்னுதானுங்கக்கா கூப்படுது. உங்களுக்குத்தான் கண்ணுல பொர உழுந்திருச்சாட்ட இருக்குது. ஒருக்காப் போய்க் காட்டிட்டு வாங்கோ” என்றான். குழாயடியே சிரித்தது. தண்ணீர் நிறைந்து வழிவதைக்கூடக் கவனிக்காமல் சிரித்தார்கள். அடுத்த நாளும் என்னைப் பார்த்ததும் ஒருத்தி கண்ணைத் தேய்த்துக் காட்டினாள்.

இவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று என்னிடம் வந்து கேட்டுப் போகிறவர்கள். தன் புருசன் எந்தக் கடையில் குடிக்கிறான் என்பதைக்கூட என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறவர்கள். செக்கிங்கில் இருந்தவரை நல்ல துணியில் நான் ஸ்டிக்கர் ஒட்டியதாக ஒரு சூப்பர்வைசர் சொன்னதில்லை. ஒட்டினால் அங்கே கறை இருக்கும். இப்போது ஒட்டிவிட்டேன், கறையைக் காணோம் என்கிறார்கள். கறை இருக்க வேண்டியது அவசியமாகிவிட்டது.

ராஜபாண்டி துடைத்துப் போடுகிற பனியன் வேஸ்ட் மதில் ஓரத்தில் கிடக்கும். அதில் ஒரு துண்டை எடுத்து வைத்திருந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, விடிந்து பால்காரன் போன பிறகு, கொடியில் ஜனனியின் துணி காய்ந்திருந்தது. சந்தன நிறம். அதில் எதுவும் எடுப்பாகத் தெரியும். கசக்கித் தேய்த்தால் செய்தது என்று தெரிந்துவிடும். ஓடுகிற வண்டியில் படுகிற கறை அழுத்தமாக ஆரம்பித்து, மேலே போகப் போக மெலிந்து காணாமல் போகும். அப்படியே வைத்தேன். எத்தனையோ கறையைக் கண்டுபிடித்திருக்கிறேன், ஒன்றைச் செய்து பார்த்தது அன்றுதான். சுத்தமான வேலை. செக்கிங்கில் எனக்கே வந்திருந்தால் நானே நம்பியிருப்பேன்.

அனுசுயா சத்தம் போடுவாள், வீட்டுக்குள்ளே நாலு அறை விழும், ராஜபாண்டியைக் காலி பண்ணச் சொல்வார்கள், அத்தோடு முடியும் என்று நான் நினைத்ததாகச் சொன்னால் உங்களுக்கு என்மேல் கொஞ்சம் இரக்கம் வரும். வேண்டாம். தரணீதரனை எனக்கு நன்றாகத் தெரியும்.

அவன் அன்றைக்கு மத்தியானமே வந்தான். எல்லா வீட்டிலும் கறிக்குழம்பு கொதித்து முடிந்து, ஜனங்கள் பாயில் சாய்ந்திருந்த நேரம். கூட இரண்டு பேர். கார் கேட்டுக்குள் திரும்பியதும் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. காலையில் வாசலில் நின்று கழுத்தை நீட்டியவர்கள்தான். கன்னையன் கதவுக்குத் தாழ்ப்பாளும் விழுந்தது, கேட்டது. ஜனனியை அவள் அம்மா உள்ளறையில் வைத்துப் பூட்டியிருந்தாள். நான் கதவைச் சாத்தவில்லை. ஜன்னலைத்தான் ஒருக்களித்து வைத்தேன்.

ராஜபாண்டி என்ன செய்துகொண்டிருந்தான் தெரியுமா? வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். மசி என்றுதானே பழி, மசியே இல்லாமல் செய்துவிட்டால் பழி போய்விடும் என்று நினைத்தானோ என்னவோ. செயின், பல்சக்கரம், ரிம் எல்லாம் பளபளவென்று இருந்தன. கேட்டு பக்கத்தில்தானே இருந்தது, அந்த வண்டியிலேயே ஏறி ஓடியிருக்கலாம். அவனுக்கு அது தோன்றவில்லை. தப்பு செய்யாதவர்களுக்கு எப்போதும் இந்தக் கோளாறு உண்டு.

தரணீதரன் அவன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். “என்னங்க தம்பி, வண்டிக்குக் குளிப்பாட்டு நடக்குதுங்களா?” என்றான். எங்கள் ஆட்களின் மரியாதையைக் கேட்டால் வெளியூர்க்காரர்கள் குளிர்ந்துபோவார்கள்.

“ஆமாண்ணே.”

“சாப்புட்டீங்களா?”

“இல்லண்ணே. அண்ணே, அந்தத் துணி விசயம், என் அம்மா மேல சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே.”

“இருக்கட்டுமுங்க. ஒருக்கா ஸ்டார்ட் பண்ணுங்க பாக்கலாம், சத்தம் எப்புடி இருக்குதுன்னு.”

அவன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தான். கேட்டால் கொடுக்கிற பையன். வண்டி உறுமியது. கூட வந்தவர்களில் ஒருவன் கியரைத் தட்டினான். பின்சக்கரம் காற்றில் சுற்ற ஆரம்பித்தது.

“தையல் எந்தக் கையில ஓட்டுவீங்க தம்பி?”

“ரெண்டு கையும் வேணும்ணே” என்றான் ராஜபாண்டி. பாவம், தொழிலைப் பற்றி விசாரிக்கிறார் என்று நினைத்துவிட்டான்.

“அப்படீங்களா. வலது கையவே குடுங்க.”

மற்ற இருவரும் தோளையும் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டார்கள். நான் பார்வையைத் திருப்பவில்லை. பாதியில் பார்வையைத் திருப்பிக்கொண்டு பிறகு நாள் முழுக்க அழுகிற ரகம் இல்லை நான். அதிக நேரம் ஆகவில்லை. ஒரு தடவை வண்டியின் சத்தம் திணறியது, பிறகு பழையபடி ஓடியது.

இந்த இடத்தில்தான் தரணீதரனின் லட்சணம் தெரிந்தது. அதுவரை செய்ததைச் செய்துவிட்டு, இனி என்ன சொல்வது என்று தெரியாமல் வண்டியை ஆஃப் பண்ணக்கூடத் தோன்றாமல் நிற்கிறான். முகம் வெளுத்துவிட்டது. பின்னால் நிற்பவர்கள் அவன் முகத்தைப் பார்க்கிறார்கள். இவ்வளவுதான் இவர்கள் வீரம். நான்தான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். காம்பவுண்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

“ஐயோ கண்ணு, செயினத் தொடைக்கறப்ப வண்டிய ஆஃப் பண்ணு ஆஃப் பண்ணுன்னு எத்தன தடவ சொன்னேன். கேட்டியா சாமி?”

சாத்திய கதவுகள் எல்லாம் உடனே திறந்தன. அவர்களுக்கும் ஒரு வாக்கியம்தான் தேவைப்பட்டது. கிடைத்துவிட்டது. “ஆமா, இந்தக் காலத்துப் பசங்க சொன்னாக் கேக்கறதில்ல” என்று கன்னையன் மனைவி துண்டு கொண்டுவந்தாள். தரணீதரன் என்னைப் பார்த்த பார்வையில் நன்றி இருந்தது. பிறகு அவனே தன் காரில் ராஜபாண்டியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனான். வழியில் அவன் காதில் என்ன சொன்னான் என்பதை நான் கேட்கவில்லை. ஆனால் ராஜபாண்டி டாக்டரிடம் தன் வாயாலேயே, வண்டி ஓட்டத்தில் இருக்கும்போது செயின் துடைத்தேன், மாட்டிக்கொண்டது என்றுதான் சொன்னான். உண்மையைச் சொன்னால் அந்தப் பெண்ணை என்ன செய்வார்கள் என்று பயந்தானாம். பெரிய மனசு.

அவர்கள் போன பிறகு வண்டி அப்படியே நின்றது. யாரும் பக்கத்தில் போகவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். கடைசியில் எதையும் சுத்தம் பண்ணுவது நான்தான்.

அவன் மிச்சம் வைத்திருந்த டீசல் இருந்தது. பிரஷ் இருந்தது. முதலில் பச்சைத் தண்ணீர் விட்டேன். ரத்தத்துக்கு வெந்நீர் ஆகாது, பிடித்துக்கொள்ளும். அது போன பிறகுதான் டீசல், ஏனென்றால் மசி அதற்குத்தான் இளகும். அதன் பிறகு பாத்திரச் சோப்பு. ராஜபாண்டி காலையில் சொன்ன முறைதான், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. சக்கரத்தைக் கையால் மெல்ல உருட்டி உருட்டித் தேய்த்தேன். பல்சக்கரத்தில் இரண்டு பல்லுக்கு நடுவே எதுவோ அடைத்திருந்தது. பிரஷ்ஷுக்கு வரவில்லை. ஊக்கால் நெம்பி எடுத்து, செய்தித்தாளில் மடித்துக் குப்பையோடு கொளுத்திவிட்டேன். கடைசியாகப் புதுப் பனியன் வேஸ்ட்டால் ஈரம் போகத் துடைத்து, அந்த ஸ்பிரேயையும் அடித்துவிட்டேன். செயின் துருப்பிடித்தால் வீணாகப் போகும்.

மறுநாள் ஒரு போலீஸ்காரர் வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போயிருந்தது. நான் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே வண்டியைப் பார்த்தார். பார்க்க அதில் ஒன்றும் இல்லை. “இந்தப் பையன் எப்பவும் வண்டிய ஓட விட்டுத்தான் தொடைப்பானாம்மா?” என்று கேட்டார். “எப்பவுமேதானுங்க” என்றேன். ஒருவர் கேட்டு நான் வாய்விட்டுச் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதையும் அரசாங்கத்திடம்தான் சொன்னேன்.

அவனுடைய அம்மா சின்னத்தாய் ஊரிலிருந்து வந்தபோது வண்டி என் ஜன்னலுக்குக் கீழேதான் நின்றது. மஞ்சள் பையைக் கையில் பிடித்தபடி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். மகனின் கையைக் கடித்த வண்டியில் ஒரு சொட்டுக்கூட இல்லை என்பது அவளுக்கு ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும்.

“யார் தாயி இதத் தொடச்சு வச்சது?” என்றாள்.

“நான்தானுங்க.”

“நல்லா இருப்பீக. அந்தக் கோலத்துல அதப் பாத்திருந்தா நான் செத்தே போயிருப்பேன்” என்று சொல்லி, நடு வாசலில் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அனுசுயா மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சங்கடமாக இல்லை. செய்த வேலைக்குத்தானே கும்பிட்டாள்.

ராஜபாண்டிக்கு வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் மிஞ்சின. கம்பெனியில் துணி எண்ணுகிற வேலை தருகிறேன் என்றார்களாம், இவன் வேண்டாம் என்று தாயோடு ஊருக்குப் போய்விட்டான். வண்டியை யாருக்கோ விற்றுவிட்டார்கள்.

ஜனனியைப் பரீட்சை எழுத விடவில்லை. தை பிறந்ததும் தாராபுரத்துப் பக்கம் நித்தீஷ் என்ற பையனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். தென்னந்தோப்பு, ஒரே மகன், குறையில்லை. மணமேடையில் தரணீதரன்தான் தாய்மாமன் சீரெல்லாம் செய்தான், அவன் கையிலிருந்து அவள் எதையும் நிமிர்ந்து பார்த்து வாங்கவில்லை. ஆடிக்கு அழைக்கப் போன அனுசுயாவை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாள். அனுசுயா இப்போது மாடியை விட்டு இறங்குவதே இல்லை. கன்னையன் குடும்பம் பெருமாநல்லூருக்குக் குடிபோய்விட்டது. போகிற அன்று எல்லா வீட்டிலும் சொல்லிக்கொண்டவன், என் வீட்டு வாசலைத் தலையைக் குனிந்துகொண்டு கடந்து போனான்.

போன மாதம் ராபின் என்று ஒரு பையன் வந்தான். ராஜபாண்டியோடு ஒரே வரிசையில் தைத்தவன். பூட்டிக் கிடந்த அறையில் மிச்சமிருந்த பாத்திரங்களை எடுத்துப்போக வந்திருந்தான். அவனை உட்காரவைத்து, டீ கொடுத்து, எல்லாம் கேட்டேன். ராஜபாண்டிக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாம். மாமன் மகள், பெயர் வேல்விழி. அவன் திருப்பூருக்கு வருவதற்கு முன்பே பேசி முடித்த பெண்ணாம். இந்தக் கையோடு வேண்டாம் என்று அவள் வீட்டில் எத்தனையோ சொல்லியும் கேட்கவில்லையாம். அவளே வந்து கட்டிக்கொண்டாளாம். இப்போது அவள்தான் தைக்கிறாள், அவன் துணி வெட்டிக் கொடுக்க இடது கையைப் பழக்குகிறானாம்.

கேட்டதும் எனக்கு மனசு லேசாகிவிட்டது. இவனுக்கு ஒரு பெண் இருக்கிறாள் என்றுதானே நான் குழாயடியில் சொன்னேன். இருந்திருக்கிறாள். பெயர் மட்டும்தான் வேறு.